லட்சம் பார்வை வந்தது. ஒரு விளக்குகூட விற்கவில்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சிறு வணிகர்கள் தங்கள் காணொளிகளை இணையத்தில் ‘வைரல்’ ஆக்குவது எப்படி என்று தங்கள் நாளிதழின் வணிகப் பக்கத்தில் அண்மையில் வந்த கட்டுரையைப் படித்தேன். முகப்புப் படம் பளிச்சென்று இருக்க வேண்டும், ஹேஷ்டேக் போட வேண்டும், மாலை ஏழு மணிக்குப் பதிவேற்ற வேண்டும் என்று அதில் கூறப்பட்டவை தவறல்ல. ஆனால், பணம் கொடுத்தால் வைரல் கிடைத்துவிடும் என்ற நம்பிக்கையை அது வாசகர் மனத்தில் விதைக்கிறது. அப்படிப் பணம் கொடுத்துப் பார்த்தவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

நாச்சியார்கோவிலில் எங்களுக்குக் குத்துவிளக்குக் கடை இருக்கிறது. பட்டறையை அண்ணன் பார்த்துக்கொள்கிறார்; கடையும் கணக்கும் என் பொறுப்பு. சென்ற ஆண்டு ஆவணியில் விளம்பர முகமை ஒன்றிலிருந்து வந்தவர்கள், ரூ.18,000 கொடுத்தால் 15 நாளில் ஒரு லட்சம் பார்வைக்கு உத்தரவாதம் என்றார்கள். படம் பிடிக்க வந்த அன்று அவர்கள் முதலில் கேட்டது, எங்கள் பட்டறையில் 40 ஆண்டுகளுக்கு மேலாக வேலை செய்யும் பெரியவர் கேமரா முன்னால் அழுவாரா என்பதுதான். “ரெண்டு நாளா ஒரு விளக்குகூட விக்கலைன்னு சொல்லச் சொல்லுங்க சார், அதுதான் ஓடும்” என்றார் ஒருவர். அந்த வாரம் ஒரே கல்யாண வீட்டுக்கு ஐந்து ஜோடி விளக்கு போயிருந்தது. அண்ணன் ஒப்புக்கொள்ளவில்லை. அதன்பின் ட்ரோனைப் பறக்கவிட்டுக் கோபுரத்தை எடுத்தார்கள்; சினிமாப் பின்னணி இசையைச் சேர்த்தார்கள்; இரண்டு நிமிடக் காணொளி தயாரானது.

சொன்னபடியே பார்வை 1,12,000-ஐத் தொட்டது. ஒரு தொலைபேசி அழைப்புகூட வரவில்லை. கும்பகோணத்தில் கல்லூரியில் படிக்கும் என் தங்கை மகள் காணொளியின் புள்ளிவிவரங்களைக் காட்டும் யூடியூப் ஸ்டுடியோவைத் திறந்து காட்டினாள். ஒருவர் சராசரியாகப் பார்த்த நேரம் ஆறு வினாடி. பார்த்தவர்களில் பெரும்பாலோர் தமிழும் அறியாத, குத்துவிளக்கும் அறியாத நாடுகளில் இருந்தார்கள். மறுமாதம் அந்த எண்ணிக்கையிலும் பெரும்பகுதி காணாமற்போனது. செயற்கையாக ஏற்றப்படும் பார்வைகளை யூடியூப் கண்டறிந்தால் கழித்துவிடும் என்பது அப்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது.

பார்வை எண்ணிக்கையைக் காட்டி விற்பவர்கள் மறைப்பது இதைத்தான். கிளிக் எண்ணிக்கையைவிட மக்கள் எவ்வளவு நேரம் பார்க்கிறார்கள் என்பதையே பரிந்துரைக்கு முக்கிய அளவுகோலாக யூடியூப் 2012-லேயே மாற்றிவிட்டது. புதிய காணொளியை முதலில் சிறு கூட்டத்துக்குக் காட்டும். அவர்கள் நின்று பார்த்தால் அடுத்த வட்டத்துக்குக் காட்டும். தள்ளிவிட்டுப் போனால் மேலும் காட்டுவது குறைந்துவிடும். ஆறு வினாடியில் ஓடிவிடும் வாடகைக் கூட்டத்தைக் கொண்டுவந்து சேர்ப்பது, இந்தக் காணொளி பார்க்கத் தகுந்ததல்ல என்று நாமே காசு கொடுத்துச் சாட்சி சொல்ல வைப்பதற்குச் சமம். ஷார்ட்ஸ் எனும் குறுங்காணொளி வகையிலோ, 2025 மார்ச் 31 முதல் காணொளி ஓடத் தொடங்கினாலே அது ஒரு பார்வையாகக் கணக்கில் ஏறுகிறது. கட்டைவிரலால் தள்ளிவிடுபவரும் அந்த எண்ணிக்கையில் அடக்கம். ‘500 வாட்ஸ்அப் குழுக்களில் பரப்புவோம்’ என்பதும் இதே ரகம்தான். பலமுறை கைமாறிய செய்தியை ஒரு நேரத்தில் ஒரே ஓர் உரையாடலுக்குத்தான் அனுப்ப முடியும் என்று அந்நிறுவனம் 2020 ஏப்ரலிலேயே கட்டுப்பாடு கொண்டுவந்துவிட்டது.

எங்களுக்குப் பலன் தந்த காணொளி 27 வினாடி மட்டுமே ஓடுகிறது. அதைத் தங்கை மகளே தன் கைப்பேசியில் எடுத்தாள். காவிரி வண்டல் மண் அச்சிலிருந்து எடுத்த விளக்குத் தண்டு கரியேறிச் சொரசொரப்பாக இருக்கும். அதைக் கடைசல் இயந்திரத்தில் பொருத்திச் சுழலவிட்டு உளியை வைத்ததும் கருப்பு பொடிப்பொடியாக உதிர்ந்து, மோதிரம் போட்டாற்போல் ஒரு மஞ்சள் வளையம் தெரியும். காணொளியின் முதல் வினாடியே அந்த வளையம்தான். வணக்கம், அறிமுகம், இசை எதுவும் இல்லை. உளியின் சத்தம் மட்டும். அடுத்த வளையம் எங்கே தெரியும் என்று பார்ப்பவர் காத்திருப்பார், தண்டு முழுவதும் பொன்னிறமாகும்வரை போகமாட்டார். சந்தைப்படுத்தும் மொழியில் இதைக் ‘கொக்கி’ என்கிறார்கள். எங்கள் பெரியவர் 40 ஆண்டுகளாகத் தினமும் செய்வதுதான் அது.

இரண்டாவது காணொளி, கருத்துப்போன குத்துவிளக்கைப் புளிக்கரைசலும் திருநீறும் கொண்டு துலக்குவது பற்றியது. ஏற்கெனவே விளக்கு வைத்திருப்பவருக்கு எதற்கு என்று நான் வாதிட்டேன். மகளுக்குச் சீர் கொடுக்கப் புது விளக்கு வாங்குபவர் அவர்தான் என்று என் மனைவி சொன்னது சரியாகிவிட்டது. மூன்றாவதில், நான்கடி விளக்கைத் திருகுகளைக் கழற்றிப் பகுதி பகுதியாக அட்டைப்பெட்டியில் அடுக்குவதைக் காட்டினோம். கூரியரில் வளைந்துவிடுமோ என்று பயந்தவர்கள் அதைப் பார்த்தபின் அழைத்தார்கள். மூன்றும் சேர்ந்து இன்றுவரை 9,400 பார்வையே பெற்றுள்ளன. விற்ற விளக்குகள் 14.

எப்போது பதிவேற்றுவது என்பதற்கும் டெல்டாவில் வேறு கணக்கு உண்டு. சம்பா அறுவடை முடிந்து கொள்முதல் நிலையத்தில் போட்ட நெல்லுக்குப் பணம் வரும் தை, மாசியில்தான் இங்கே கல்யாணச் செலவுக்குக் கை நீளும். வெளியூருக்கோ, கார்த்திகை தீபத்துக்கு ஒன்றரை மாதம் முன்னதாகவே காணொளி போயிருக்க வேண்டும். முதல் நாள் போட்டால் வாழ்த்து வரும், ஆர்டர் வராது. பக்கத்துப் புதுக்கோட்டை மாவட்டத்தின் சின்ன வீரமங்கலத்திலிருந்து 2018-இல் தொடங்கி, 2021-இல் ஒரு கோடிச் சந்தாதாரர்களைத் தொட்ட முதல் தமிழ்ச் சேனலான வில்லேஜ் குக்கிங் சேனலில், அதே தாத்தா, அதே திறந்தவெளி அடுப்பு என்று ஆண்டுக்கணக்கில் தொடர்ந்ததையும் கட்டுரையாளர் குறிப்பிட்டிருக்கலாம்.

அழவைத்து விற்பது பற்றியும் ஒரு சொல். இப்பகுதியில் அப்படி வைரலான ஒரு சிறு கடைக்கு இரண்டு வாரம் கார்களில் கூட்டம் வந்ததையும், அதை நம்பிக் கூடுதல் ஆள் வைத்தவர் மறுமாதம் சம்பளம் கொடுக்கத் திண்டாடியதையும் நேரில் பார்த்தேன். காசு வாங்கிக்கொண்டு ‘தற்செயலாக வந்தேன்’ என்று பேசும் வலைப்பதிவர்களின் கதையும் இதிலிருந்து விலகியதல்ல. பணமோ பொருளோ பெற்று விளம்பரம் செய்தால் அதைக் காணொளிக்குள்ளேயே தெளிவாகச் சொல்ல வேண்டும் என்று மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2023 ஜனவரியில் வழிகாட்டுதல் வெளியிட்டது. தவறான விளம்பரத்துக்கு முதல்முறை ரூ.10 லட்சம், மறுபடி செய்தால் ரூ.50 லட்சம் வரை அபராதம் விதிக்கச் சட்டத்தில் இடமுண்டு. இதைக் கடைக்காரர்களில் பலர் அறியவில்லை. தங்கள் நாளிதழ் இதை விரிவாக எழுத வேண்டும். தங்கள் வரி விளம்பரப் பகுதியில் வரும் ‘வைரல் உத்தரவாதம்’ அறிவிப்புகளையும் ஒருமுறை பார்வையிட வேண்டுகிறேன்.

கடைசியாக, மாவட்டத் தொழில் மையமோ, தமிழக அரசின் கைவினைப் பொருள் நிறுவனமான பூம்புகாரோ சுவாமிமலை, நாச்சியார்கோவில், தஞ்சாவூர் கைவினைஞர்களுக்கு, கைப்பேசியில் படமெடுப்பதையும் ஸ்டுடியோ புள்ளிவிவரத்தைப் படிப்பதையும் கற்றுத்தரும் ஒருநாள் வகுப்பு நடத்தலாம். இடம் தேட வேண்டியதில்லை. பட்டறைக்கு விடுமுறையான ஏதேனும் ஒரு நாளில் எங்கள் கடைசல் கூடத்திலேயே நடத்திக்கொள்ளலாம். மதியச் சாப்பாடு எங்கள் பொறுப்பு.

இப்படிக்கு,
குத்துவிளக்கு வணிகர் ஒருவர்,
நாச்சியார்கோவில், தஞ்சாவூர் மாவட்டம்.