வாசிப்பு வட்டத்தின் செயலாளர் ஆண்டறிக்கை, 2024–25

தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், மயூர் விஹார் பகுதித் தமிழ் அன்பர்களுக்கும் வணக்கம்.

சென்ற பொதுக்குழுவின் முடிவுப்படி, இவ்வாண்டு நம் மாதக் கூட்டங்கள் இனப்படுகொலைகளின் வரலாற்றுக்கே ஒதுக்கப்பட்டன. முதலில் வெறியையும் பகைமையையும் பற்றியே பேசினோம். படிக்கப் படிக்க, கொலைக்கு முன்பே அலுவலக மேசைகளில் நடந்து முடிந்த வேலைதான் உறுப்பினர்களை உலுக்கியது.

1904 அக்டோபர் 2 அன்று, இன்றைய நமீபியாவில், ஜெர்மன் தளபதி லோதர் வான் டிரோட்டா, ஆயுதம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஹெரேரோ இன ஆண்கள் சுடப்படுவர் என்று எழுத்திலேயே ஆணையிட்டார். ஒமஹேகே பாலைக்குள் துரத்தப்பட்டவர்கள் தண்ணீரின்றி மடிந்தனர். 1915 ஏப்ரல் 24 அன்று இஸ்தான்புல்லில் ஆர்மீனிய அறிஞர்களும் தலைவர்களும் பெயர்ப் பட்டியலின்படி கைதானார்கள். 1942 ஜனவரி 20 அன்று நாஜி அதிகாரிகள் பெர்லினின் வான்சீ பகுதியில் கூடிய கூட்டத்தின் குறிப்பில், ஐரோப்பிய யூதர்களின் எண்ணிக்கை நாடுவாரியாக அட்டவணையிடப்பட்டுள்ளது. கூட்டக் குறிப்பு எழுதும் பொறுப்பில் இருப்பவன் என்பதால், அந்தத் தாளைக் கடந்து போக என்னால் இயலவில்லை.

ருவாண்டாவுக்கு இரண்டு கூட்டங்கள் தேவைப்பட்டன. 1930களில் பெல்ஜிய ஆட்சி வழங்கத் தொடங்கிய அடையாள அட்டை, விடுதலைக்குப் பின்னும் நீடித்தது. ஹூட்டு, டுட்சி, டுவா என்ற இனப்பெயர்களை ஒரே வரியில் அச்சிட்டு, பொருந்தாதவற்றை அடித்துவிடுவார்கள். 1994 ஏப்ரலில் சாலைத் தடுப்புகளில் ஹூட்டு தீவிரவாதிகள் அந்த அட்டையைத்தான் கேட்டார்கள். டுட்சி என்ற சொல் அடிக்கப்படாமல் இருந்தவர் உயிர் தப்புவது அரிதாயிற்று. ஏறத்தாழ 100 நாட்களில் மாண்டவர்கள் 8 லட்சம் பேர் என ஐ.நா. மதிப்பிடுகிறது.

1983 ஜூலையில் கொழும்பில் தமிழர் வீடுகளை அடையாளம் காணவும், 1984 நவம்பரில் இதே தில்லியில் சீக்கியர் வீடுகளை அடையாளம் காணவும் வாக்காளர் பட்டியல்கள் பயன்பட்டதாகச் சாட்சியங்கள் உள்ளன. தில்லியில் கொல்லப்பட்டவர்கள் 2,733 பேர் என்பது அரசின் கணக்கு. நம்மில் பலர் நாள்தோறும் கடந்து செல்லும் திரிலோக்புரிதான் மிகக் கொடிய இழப்பைச் சந்தித்த இடங்களில் ஒன்று. இவற்றை 1948ஆம் ஆண்டின் ஐ.நா. இனப்படுகொலைத் தடுப்பு உடன்படிக்கையின் வரையறைக்குள் வைப்பது குறித்து விவாதம் நீண்டது. அடுத்த ஆண்டு அந்த உடன்படிக்கையையும், அதன் அடிப்படையில் வந்த தீர்ப்புகளையும் படிக்கலாம் எனச் செயற்குழு கருதுகிறது.

வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே சமர்ப்பிப்பார்.

1984இல் இந்நகரில் வாழ்ந்த மூத்த உறுப்பினர்கள் கண்டதையும் கேட்டதையும், அவர்கள் இசைவுடன் எழுத்தில் பதிவு செய்ய ஒரு குழு அமைக்க வேண்டும் என்ற தீர்மானத்தைப் பொதுக்குழுவின் ஒப்புதலுக்கு முன்வைக்கிறேன்.