ஐந்து முனை நட்சத்திரம்

மாப்பிள்ளைக்கு,

ஆறு மாதமாக ஒரு வரி எழுதவில்லை, திட்டித் தீர்த்துக்கொள். வீட்டில் எல்லோரும் சுகம், அம்மாவுக்கு முட்டி வலி மட்டும் அப்படியே இருக்கிறது. இப்போது எழுதுவது வேறு விஷயத்துக்கு.

நூலகத்தில் ஞாயிறுதோறும் எட்டாம், ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு நிரல் எழுதச் சொல்லிக்கொடுக்கிறேன் என்றேனே, நீ போனில் "அஸ்திவாரம் முக்கியம்டா" என்று பிடிவாதம் பிடித்ததால் சி என்ற கணினி மொழியில்தான் ஆரம்பித்தேன். திரையில் ஒரு வரி வரவழைக்கவே ஹாஷ் இன்க்லூட், மெயின், அடைப்புக்குறி, அரைப்புள்ளி. ஏன் சார் என்று கேட்டால் "அது அப்படித்தான், அப்புறம் புரியும்" என்கிறேன். நீலத்திரைக் கணினிக்கு முன்னால் நம் லேப் சார் சொன்ன அதே பதில்! நிரலின் தலையில் எழுதிய கோனியோ டாட் எச் எதற்கென்று மூன்று வருடமும் நமக்குத் தெரியாதே. நாலாவது வாரம் பதினாலு பேரில் ஆறு பேர்தான் வந்தார்கள். எனக்கு மனசே ஆறவில்லை.

அன்றைக்கே பைத்தான் மொழிக்கு மாறினேன், அதிலும் டர்ட்டில், நாம் சொல்கிறபடி திரையில் நகர்ந்து கோடு வரையும் ஆமை. 1967-இல் சீமோர் பேப்பர்ட்டும் அவர் கூட்டாளிகளும் குழந்தைகளுக்காக உருவாக்கிய லோகோ மொழியின் ஆமைதான் இது. இஸ்திரி வண்டிக்காரர் மகள் ஒருத்தி, 100 முன்னே போ, 72 டிகிரி திரும்பு, இதை ஐந்து முறை செய் என்று எழுதி ஐங்கோணம் வரைந்தாள். பிறகு யாரும் சொல்லாமலே 72-ஐ அழித்து 144 போட்டாள். நட்சத்திரம் வந்துவிட்டது! கொஞ்ச நேரம் விரல் விட்டு எண்ணிப் பார்த்துவிட்டு, "சார், ஆமை ரெண்டு சுத்து சுத்தியிருக்கு" என்றாள். 720 டிகிரி, சரியாகச் சொன்னாள். சி-யில் மூன்று வாரம் வாய் திறக்காத பெண் அவள்.

பதினொன்றாம் வகுப்புப் புத்தகத்தில் சி பிளஸ் பிளஸ்தானே, பைத்தான் பன்னிரண்டில்தானே வருகிறது என்பாய். நியாயம்தான். பைத்தானிலும் சிக்கல் உண்டு, 10-ஐயும் 20-ஐயும் தட்டச்சொல்லி வாங்கிக் கூட்டினால், தட்டியதை எழுத்தாகவே எடுத்துக்கொண்டு ஒட்டி 1020 என்று காட்டியது, எண்ணும் எழுத்தும் வேறு என்று விளக்க அரை மணி நேரம் ஆனது. ஆனால் அந்தக் கேள்வியைப் பிள்ளைகளே கேட்டார்கள். என்னை உறுத்துவது பிழைச் செய்திகள்தான், எல்லாமே ஆங்கிலம். ஒரு பையன் நோட்டில் ஒவ்வொன்றுக்கும் தமிழில் அர்த்தம் எழுதிவைத்திருக்கிறான்.

போன வாரம் அந்தப் பெண், "ஆமைக்குத் திரும்ப யார் சார் கத்துக்கொடுத்தா?" என்றாள். பைத்தானையே சி-யில்தான் எழுதியிருக்கிறார்கள் என்றேன். "அப்போ சி எப்போ சார்?" என்கிறாள். ஊருக்கு வரும்போது ஒரு ஞாயிறு ஒதுக்கி வை, அவளுக்கு நீதான் சொல்லிக்கொடுக்க வேண்டும்.

அன்புடன்,
உன் பெஞ்ச்காரன்