பீப்பாய்க்காரர் விட்டுப்போன சாமான்கள்

அன்புள்ள துரை,

உன் அறுபதாம் கல்யாணப் பத்திரிகை போனில் வந்து நாலு மாதம் ஆகிவிட்டது. பதிலுக்கு இரண்டு கும்பிடு படம் அனுப்பியதோடு சரி. தங்கச்சி என்ன சொல்லியிருக்கும் என்று எனக்குத் தெரியும், அது நியாயமும்தான். ஊருக்கு வந்ததும் நேரில் வாங்கிக் கட்டிக்கொள்கிறேன். இங்கே மாசசூசெட்ஸில் பனி ஒழிந்துவிட்டது. முழங்கால் பரவாயில்லை. சர்க்கரை 160-ல் நிற்கிறது, மகளிடம் 130 என்று சொல்லியிருக்கிறேன். போதும், விஷயத்துக்கு வருகிறேன்.

பேத்திக்குப் பள்ளிக்கூடத்தில் வம்சப்படம் வரைந்து வரச் சொன்னார்கள். நம் பக்கத்தில் என் தாத்தா வரைக்கும் பெயர் சொன்னேன். அவருடைய அப்பா பெயர் கேட்டாள். 'பெரிய ஐயா' என்றேன். அது பெயர் இல்லையே தாத்தா என்றாள். ரிட்டயர்டு சார்பதிவாளருக்கு இதைவிட என்ன அவமானம் வேண்டும்? 30 வருஷம் ஊரான் வீட்டு மூதாதையர் பெயரையெல்லாம் சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டவன் நான்.

மறு ஞாயிறு சம்பந்தியம்மா வந்து சாப்பாட்டு மேசையில் ஒரு சுருளை விரித்தார்கள். அடியில் என் பேத்தி, உச்சியில் ஜான் ஆல்டன். 1620-ல் இங்கிலாந்திலிருந்து குடியேறிகளை ஏற்றிவந்த மேஃப்ளவர் கப்பலில் வந்தவர், தொழில் பீப்பாய் செய்வது. 13 தலைமுறை. சம்பந்தியம்மா முகத்தில் இருந்த பெருமையைப் பார்க்க வேண்டுமே! பிறகுதான் தெரிந்தது, ஆல்டனுக்குப் பத்துப் பிள்ளைகள், இன்று அந்த வழியில் வந்தவர்கள் லட்சக்கணக்கில் இருக்கிறார்கள். இரண்டு ஜனாதிபதிகளான ஆடம்ஸ் அப்பாவும் மகனும்கூட அவருடைய ஒரு பெண் வழிதான். நான் ஒன்றும் பேசவில்லை. எனக்கும் வெட்கம் இருக்கிறது, பெரிய ஐயா விஷயத்தில்.

ஆனால் சுருளின் நடுவில் ஓர் இடத்தில் மட்டும் பென்சில் கோடு. கேட்டால், பத்து வருஷமாக அந்த ஒரு கண்ணிக்கு ஆதாரம் கிடைக்கவில்லையாம். மேஃப்ளவர் வம்சாவளிச் சங்கத்தில் சேர வேண்டுமானால் ஒவ்வொரு தலைமுறைக்கும் சான்று காட்ட வேண்டும். முதல் ஐந்து தலைமுறையைச் சங்கமே வெள்ளி நிற அட்டைப் புத்தகங்களில் அச்சிட்டு வைத்திருக்கிறது. அதற்குக் கீழே நம் பாடு. இவர்கள் வெர்மான்ட் மாநிலத்துக்குக் குடிபெயர்ந்த கிளை. 1850-க்கு முந்தைய அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கில் குடும்பத் தலைவன் பெயர் மட்டும்தான் இருக்கும், மற்றவர்கள் வெறும் எண்ணிக்கை. அதனால் 1790-களில் பிறந்த ஒரு பையன் யாருக்குப் பிறந்தான் என்பது தொங்கிக்கொண்டிருந்தது. எல்லோரும் பிறப்புப் பதிவையே தேடித் தேடிச் சலித்திருந்தார்கள்.

துரை, பத்திரம் எழுதுகிற உன்னையோ அதைப் பதிவு செய்த என்னையோ கேட்டிருந்தால் முதல் நாளே என்ன சொல்லியிருப்போம்? 'பத்திரத்தைப் பாரு!' ஹெட்கிளார்க் பாஷையில், பார்ட்டி பொய் சொல்லுவான், இன்டெக்ஸ் சொல்லாது.

வெர்மான்டில் பத்திரங்கள் மாவட்டத்தில் இல்லை, அந்தந்த ஊர் கிளார்க்கிடம் பதிவாகின்றன. பழைய புத்தகங்களைப் படம் பிடித்துக் கணினியில் போட்டிருக்கிறார்கள். எழுதிக் கொடுத்தவர் பெயரில் ஓர் அட்டவணை, எழுதி வாங்கியவர் பெயரில் ஓர் அட்டவணை. அப்படியே நம் ஆபீஸ்தான், வெற்றிலைக் கறை மட்டும் இல்லை. மூன்று ராத்திரி உட்கார்ந்தேன். நாலாவது ராத்திரி 1830-களில் ஒரு பத்திரம். செத்துப்போன அப்பாவின் நிலத்தில் தங்களுக்கு உள்ள பாகத்தை ஐந்து பேர் ஒரு சகோதரனுக்கு விட்டுக்கொடுக்கிறார்கள். அச்சு அசலாக நம் விடுதலைப் பத்திரம்! அப்பா பெயர் இருக்கிறது, ஐந்து பேரின் பெயரும் இருக்கிறது, நாலாவது பெயர் நம் பையன். ராத்திரி ஒன்றரை மணிக்கு மாப்பிள்ளையை எழுப்பினேன். அவர் பயந்து ஆம்புலன்ஸைக் கூப்பிடப் போய்விட்டார்.

அதிலிருந்து இந்த வீட்டில் என் மதிப்பே வேறு. சம்பந்தியம்மா எனக்கு வாழைப்பழ கேக் செய்து அனுப்புகிறார்கள். அந்த 160-க்கு அதுவும் ஒரு காரணம்.

அப்புறம் நான் சும்மா இருப்பேனா? உச்சிக்கே போனேன். பீப்பாய்க்காரர் கப்பலில் வந்ததே கூலிக்குத்தான். சவுத்ஹாம்ப்டனில் கப்பலுக்குச் சாமான் ஏற்றிய இடத்தில் அமர்த்தினார்கள். வந்து சேர்ந்தபின் இருக்கலாம், திரும்பியும் போகலாம், அவர் இஷ்டம். இருந்துவிட்டார், இங்கேயே கல்யாணமும் செய்துகொண்டார் என்று இவர்கள் அமைத்த பிளிமத் காலனியின் கவர்னர் பிராட்ஃபோர்டு எழுதிவைத்திருக்கிறார். தண்ணீர், பீர், உப்பு மீன், மாவு என்று எல்லாமே பீப்பாயில் அடைபட்டுப் பயணம் செய்த காலம். பீப்பாய்க்காரன் இல்லாமல் ஒரு காலனி எழும்பாது.

அந்த வேலை எப்படி நடக்கிறது என்று பார்க்க மாப்பிள்ளை என்னை ஸ்டர்பிரிட்ஜுக்குக் கூட்டிப் போனார். அங்கே பழைய கிராமம் ஒன்றை அப்படியே வைத்திருக்கிறார்கள், அதில் ஒரு பீப்பாய்ப் பட்டறையும் உண்டு. நம் ஆசாரி பலகையைக் கிடத்தி இழைப்புளியை மேலே ஓட்டுவார் இல்லையா? இங்கே தலைகீழ். ஆள் நீள இழைப்புளி ஒன்று வாய் மேலே பார்த்தபடி சாய்ந்து நிற்கிறது, பலகையைத்தான் அதன்மேல் தள்ளுகிறார்கள். ஒவ்வொரு பலகையின் விளிம்பும் கொஞ்சம் சரிவாக வர வேண்டும். அந்தச் சரிவுக்கு அளவுகோல் எதுவும் வைக்கவில்லை. அந்த ஆள் ஒரு கண்ணை மூடிப் பார்க்கிறார், இன்னும் ஒரு தள்ளு, அவ்வளவுதான். பசை கிடையாது, ஆணி கிடையாது. வளையம்தான் இறுக்கிப் பிடிக்கிறது, தண்ணீர் பட்டு மரம் ஊறினால் இடுக்கு தானாக அடைத்துக்கொள்கிறது. அரை மணி நேரம் நின்றேன். பேத்தி ஐஸ்கிரீம் கேட்டு என் சட்டையை இழுத்துக் கசக்கியதுகூடத் தெரியவில்லை.

இப்போது கேள். இந்த மனிதர் 1687 செப்டம்பரில் டக்ஸ்பரி என்ற ஊரில் இறந்தார், வயது 90-ஐ ஒட்டி. உயில் இல்லை. அக்டோபர் கடைசியில் அவர் விட்டுப்போன சாமான்களுக்குப் பட்டியல் போட்டார்கள். அதைத்தான் ஒரு வாரமாகக் கையில் வைத்துக்கொண்டு அலைகிறேன். மொத்தம் 49 பவுண்டு 17 ஷில்லிங் 6 பென்ஸ். 12 பென்ஸ் ஒரு ஷில்லிங், 20 ஷில்லிங் ஒரு பவுண்டு. பை, அணா கணக்குப் போட்ட உன் அப்பா இருந்தால் மனக்கணக்கிலேயே சொல்லியிருப்பார்.

மாடு, ஆடு, பன்றி, ஒரு குதிரை எல்லாம் சேர்த்து 13 பவுண்டு. குதிரைச் சேணம், புத்தகங்கள், ரொக்கம், உடுப்பு இவற்றை ஒரே வரியில் போட்டு 18 பவுண்டு 9 ஷில்லிங். (நீ இப்படி ஒரு வரி எழுதிக் கொண்டுவந்தால் நான் திருப்பி அனுப்பியிருப்பேன்.) ஆனால் கருவிகளுக்கு வந்ததும் எழுதுகிறவன் கை நிதானப்படுகிறது. மரம் செதுக்கும் வாச்சி ஒன்று, ஒன்றரை ஷில்லிங். ரம்பங்கள், 7 ஷில்லிங். துளை போடும் தமரும் உளியும், 5 ஷில்லிங். ஆப்புகள். பீப்பாய்க் கருவிகள், ஒரு பவுண்டு 2 ஷில்லிங். நீள இழைப்புளி, ஒன்றரை ஷில்லிங். அந்த வயதில் எந்தப் பீப்பாயை இழைத்திருக்கப் போகிறார்? பல வருஷம் கவர்னரின் ஆலோசனைச் சபையில் உட்கார்ந்தவர். கருவிகளை மட்டும் யாருக்கும் தூக்கிக் கொடுக்கவில்லை.

பட்டியலில் 'கார்ப்பெட்' ஒன்று உண்டு. மாப்பிள்ளை தரையைப் பார்த்தார். அந்தக் காலத்தில் அது மேசைமேல் விரிக்கிற துணி. கடைசி வரி 'பழைய லம்பர், 15 ஷில்லிங்'. ஆகா, மரவேலைக்காரர், மரக்கட்டை சேர்த்து வைத்திருக்கிறார் என்று சம்பந்தியம்மா உருகிவிட்டார்கள். அதுவும் மரம் இல்லை, தட்டுமுட்டுச் சாமான். சொல்ல மனசே வரவில்லை. சொல்லிவிட்டேன்.

நிலம்? பட்டியலில் ஒரு காணிகூட இல்லை. இங்கேதான் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். உயிரோடு இருக்கும்போதே பத்திரம் பத்திரமாக மகன்களுக்கு எழுதிக் கொடுத்து முடித்துவிட்டார். ஜோசப்புக்கு பிரிட்ஜ்வாட்டர் நிலம், வீட்டையொட்டியது ஜொனாதனுக்கு, டேவிட்டுக்கு வேறு. பாஸ்டனில் இருந்த மூத்தவனுக்கு எழுதியதில், அவன்மேல் உள்ள இயல்பான அன்பினாலும் பாசத்தினாலும் என்று வருகிறது. நீ ஆயிரம் முறை அடித்த வாசகம்! 300 வருஷத்துக்கும் முன்னால், பூமிக்கு அந்தப் பக்கம் இருந்தவன் உன்னைக் காப்பியடித்திருக்கிறான், துரை. (அந்த மூத்தவர்தான் 1692-ல், நம் சேலம் இல்லை, இங்கே இருக்கிற சேலம் ஊர்ச் சூனிய வழக்கில் மாட்டி, பாஸ்டன் சிறையிலிருந்து தப்பி ஓடிய கேப்டன். அது தனிக் கதை, வந்து சொல்கிறேன்.)

1688 ஜூனில் வாரிசுகள் கூடி, எங்கள் எங்கள் பங்கு வந்து சேர்ந்தது என்று ஜொனாதனுக்கு எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். ஒரு மருமகன் வில்லியம் பபோடி. டக்ஸ்பரி டவுன் கிளார்க்காக இருந்தவர், நம் உத்தியோகம். அவர் மனைவி, ஆல்டனின் மகள் எலிசபெத்தின் பங்குக்குக் கையெழுத்து அவள் போடவில்லை, அவர்தான் போட்டார், அன்றைய சட்டம் அப்படி. ஆல்டனின் மனைவி பிரிசில்லா எந்த வருஷம் இறந்தாள் என்பதற்கு ஒரு வரிப் பதிவு கிடையாது. ஒன்றரை ஷில்லிங் வாச்சிக்கு இருக்கிறது.

ஆனால் ஒரு வாரமாக என்னைப் பிடித்து ஆட்டுவது வேறு விஷயம். பழக்கதோஷம், ஜோசப்பின் பிரிட்ஜ்வாட்டர் நிலத்துக்குத் தாய்ப்பத்திரம் தேடினேன். இருக்கிறது. 1649-ல் எழுதியது. எழுதிக் கொடுத்தவர் மாசசாய்ட், இந்த மண்ணின் பூர்வகுடிகளான வாம்பனோக் மக்களின் தலைவர். கிரயத் தொகை என்ன தெரியுமா? 7 கோட்டு, 9 கைக்கோடாலி, 8 மண்வெட்டி, 20 கத்தி, 4 மூஸ் மான் தோல், பத்தரை கஜம் பருத்தித் துணி. ஒரு முழு ஊருக்கு! படித்துவிட்டு எழுந்து போய்த் தண்ணீர் குடித்தேன். இவர்கள் கப்பலில் வந்து இறங்கிய பிளிமத்தே, கொள்ளைநோயில் ஆளெல்லாம் செத்துக் காலியாகிப்போன பட்டுக்ஸெட் என்ற கிராமத்தின் நிலம்தான். கிரயம் முடிந்து 30 வருஷம் ஆகவில்லை, மாசசாய்ட்டின் மகன் மெட்டகாம் இவர்களோடு போர் நடத்தி 1676-ல் கொல்லப்பட்டான். அதற்குப் பிறகு போட்டுப் பார், வில்லங்கம் சுத்தமாக இருக்கிறது.

பேத்தியிடம் சொல்லலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். மகள் வேண்டாம் என்றாள். மாப்பிள்ளைதான், 'சொல்லுங்க மாமா, படத்துல அதையும் எழுதட்டும்' என்றார். எழுதியிருக்கிறாள். உச்சியில் ஜான் ஆல்டன், பக்கத்தில் பச்சை கிரயானில் 9 கோடாலி. டீச்சர் என்ன சொல்லுவார்களோ தெரியாது.

இனி என் காரியம். போன தையிலேயே நீ சொன்னாய், நான்தான் 'பார்க்கலாம் பார்க்கலாம்' என்று இழுத்தேன். அண்ணனும் நானும் 19 வருஷம் கோர்ட்டில் உட்கார்ந்த பெஞ்சு உனக்குத் தெரியும். சாட்சிக் கூண்டில் அவன் என் முகத்தைப் பார்க்காமல் பேசியது எனக்கு இன்னமும் கனவில் வருகிறது. என் பையனும் பெண்ணும் இன்று நன்றாகத்தான் பேசிக்கொள்கிறார்கள். அண்ணனும் நானும்கூட அப்பா இருந்தவரை நன்றாகத்தான் பேசிக்கொண்டோம்.

அதனால் இரண்டு செட்டில்மென்ட் டிராஃப்ட் போட்டு வை. வீடு பெண்ணுக்கு, வயல் பையனுக்கு. எங்கள் இருவர் ஆயுசுவரை அனுபவ பாத்தியம் எங்களுக்கே, அந்த ஷரத்தை நீ வழக்கமாகப் போடுகிற மாதிரி குழப்பாமல் போடு. இன்னொன்று, பெண் பங்குக்கு அவளே கையெழுத்துப் போடுவாள், மாப்பிள்ளை எவ்வளவு தங்கமாக இருந்தாலும் சரி. ஆவணியில் வருகிறேன், அவளும் லீவு போட்டு வருகிறாள். அதுவரை பையன் காதில் விழ வேண்டாம். உன் வாய் எனக்குத் தெரியும், டீக்கடை பக்கமே போகாதே.

தாய்ப்பத்திரம் பீரோவில் இரண்டாவது தட்டில், பச்சை ரெக்சின் பையில் இருக்கிறது. சாவி எதிர்வீட்டு அக்காவிடம். எடுக்கும்போது ஒருமுறை அதைப் படித்துப் பார். என் தாத்தாவுக்கு அந்த வயலை எழுதிக் கொடுத்தவர் யார், என்ன விலைக்கு என்று எழுதி அனுப்பு. தாத்தாவுக்குத் தகப்பனார் பெயர் என்று ஒன்று போட்டிருக்குமே, அதையும். பேத்தி படத்தில் அந்த இடம் இன்னும் காலியாகத்தான் இருக்கிறது.

தங்கச்சிக்கு என் நமஸ்காரம். கண் ஆபரேஷன் தேதி குறித்தாகிவிட்டதா?

உன்,
கணேசன்