வயதை வைத்துப் படத்தை எடைபோட வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ரஜினி நடித்த ‘ஜெயிலர்’ படத்துக்குத் தங்கள் இதழில் வந்த விமர்சனத்தைப் படித்தேன். பாட்டு, சண்டை, திரைக்கதை பற்றி எழுதியவர் தமக்குத் தோன்றியதைச் சொல்லியிருக்கிறார். அது அவர் உரிமை. ஆனால் கடைசிப் பத்தியில், 72 வயதில் பேரனைக் கொஞ்சிக்கொண்டு வீட்டோடு இருக்க வேண்டியவருக்கு இந்த ரத்தக்களறி எதற்கு என்று ஒரு வரி. அதைப் படித்த பிறகு அன்று காலைக் கோப்பி எனக்குத் தொண்டையில் இறங்கவில்லை.

துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். இப்போது ஒரு கொண்டோமினியத்தில் பாதுகாவலர். ரஜினி 1950இல் பிறந்தவர், நான் அவருக்குச் சில வருடம் இளையவன். சிங்கப்பூர்க் கணக்கில் எங்கள் வயதுக்காரர்கள், அதாவது 1950களில் பிறந்தவர்கள், மெர்டேக்கா தலைமுறை. படம் வந்த 2023இல் இங்கே ஓய்வு வயது 63, அதற்குப் பிறகும் வேலையில் தொடர வாய்ப்புத் தரும் மறுவேலை வயது 68. அதையும் தாண்டி உணவங்காடியில் தட்டு எடுப்பவர்களையும் புளோக்கின் கீழே கூட்டுபவர்களையும் தாங்கள் தினமும் பார்க்கிறீர்கள். நான் காவல் இருக்கும் இடத்தில் ஓர் இளைஞர், “அங்கிள், இந்த வயசுல வீட்டுல இருக்கலாமே” என்பார். அக்கறையாகத்தான் சொல்கிறார், அதனால் பதில் சொல்லவும் முடிவதில்லை. அதே வார்த்தையை நான் காசு கொடுத்து வாங்கும் பத்திரிகையிலும் படிக்க வேண்டுமா?

படம் பேசுவதே இதைத்தான் ஐயா. ஓய்வுபெற்ற சிறை அதிகாரி முத்துவேல் பாண்டியன் பேரனின் யூடியூப் வீடியோவுக்கு உதவிக்கொண்டு, வீட்டு வேலை பார்த்துக்கொண்டு இருக்கிறார். வீட்டில் யாரும் அவரைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. இயக்குநர் நெல்சன் இதைச் சிரிப்பாகவே காட்டுகிறார், அரங்கமே சிரித்தது. சிலை கடத்தல் கும்பலைத் துரத்திய மகன் காணாமல் போன பிறகுதான் அந்த மனிதர் யார் என்று வீட்டுக்கே தெரிகிறது. நரைத்த தாடி, மூக்குக் கண்ணாடி எதையும் மறைக்கவில்லை. ‘பாட்ஷா’விலும் பழைய வாழ்க்கையை மறைத்து வாழ்ந்தவர்தான், ஆனால் அது 1995, உடம்பில் வேகம் இருந்தது. இங்கே அவர் அதிகம் ஓடுவதில்லை. நிற்கிறார், பார்க்கிறார், மெதுவாகப் பேசுகிறார். அந்த நிதானத்தைப் பார்த்து எதிரே இருப்பவன் நடுங்குகிறான். ஆளை அமிலத் தொட்டியில் இறக்கும் வில்லன் வர்மனின் கொடூரத்துக்கு நடுவே, டாக்சி ஓட்டுநராக வரும் யோகி பாபுவின் பயத்தைப் பார்த்து நமக்குச் சிரிப்பு வருகிறதே, அந்த இரண்டும் ஒட்டி நிற்பது இந்தக் கிழவரின் அமைதியால்தான். முப்பது வயது நாயகனை வைத்து இதை எடுத்திருக்க முடியாது.

இரண்டாம் பாதியில் கிரீடத் திருட்டு இழுக்கிறது என்றால் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அதே விமர்சனம் மோகன்லாலையும் சிவராஜ்குமாரையும் வாயாரப் புகழ்கிறது. அவர்களும் அறுபதைத் தாண்டியவர்கள்தானே?

1978இல் ரஜினியின் ‘பிரியா’ படத்தை இங்கே எடுத்தார்கள். நம் ஊரைத் தமிழ்த் திரையில் பார்த்த அந்தச் சந்தோஷம் என் வயதுக்காரர்களுக்குத் தெரியும். 2011இல் அவர் உடல் நலிந்து சிங்கப்பூருக்குச் சிகிச்சைக்கு வந்தபோது சிராங்கூன் ரோடு வீரமாகாளியம்மன் கோயிலில் அவர் பெயருக்கு அர்ச்சனை செய்தேன். பிழைத்து எழுந்து, பன்னிரண்டு வருடம் கழித்தும் உழைத்துக் காட்டுகிற மனிதரைப் பார்த்தா வீட்டில் இரு என்பது?

இன்னொன்று. படத்தின் முடிவில் அந்தத் தகப்பன் என்ன செய்கிறார் என்பதை விமர்சனத்தில் அப்படியே போட்டுவிட்டீர்கள். தேசிய தினத்துக்கு மறுநாள் படம் வந்தது. முதல் நாளே பார்க்க எல்லோருக்கும் விடுப்பு கிடைக்குமா? என்னோடு இரவு வேலை பார்க்கும் நண்பர் உங்கள் பக்கத்தைப் படித்துவிட்டு, இனிமேல் போய் என்ன பார்ப்பது என்று டிக்கெட்டே வாங்கவில்லை.

தங்கள் மூத்தோர் பக்கத்தைப் பற்றியும் முன்பே எழுதினேன், அந்தக் கடிதம் வெளிவரவில்லை. மூட்டுவலி, சர்க்கரை, குளியலறையில் வழுக்கி விழாமல் இருப்பது எப்படி, இவ்வளவுதான் அதில் வருகிறது. தேவையான விஷயங்கள்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் எங்களுக்கும் பாட்டு உண்டு, சினிமா உண்டு, கோபம் உண்டு. மெக்கன்சி ரோடு ரெக்ஸ் திரையரங்கு 2009இல் மறுபடி திறந்து தமிழ்ப் படங்கள் போட்டபோது வரிசையில் நின்றவர்களில் பாதிப் பேர் நரைத்த தலைகள். தமிழ்ப் படத்துக்கு இந்த ஊரில் இடம் இருப்பதில் எங்கள் பங்கும் இருக்கிறது என்பது தங்களுக்குத் தெரியாததல்ல.

விமர்சகரை மன்னிப்புக் கேட்கச் சொல்லவில்லை. தங்கள் இதழில் முன்பு எந்தத் தமிழ்ப் படம் எந்த அரங்கில் எத்தனை மணிக்கு என்று ஒரு சிறு கட்டம் வரும். அதை நிறுத்திவிட்டீர்கள். கைப்பேசியில் தேடி இருக்கை எடுப்பது எங்களில் பலருக்கு வருவதில்லை, பிள்ளைகளைக் கேட்டால் அப்புறம் பார்க்கலாம் என்கிறார்கள். வெள்ளிக்கிழமை தோறும் அந்தக் கட்டத்தைத் திரும்பப் போடுங்கள். பகல் காட்சிகள் மட்டும் என்றாலும் சரி, எழுத்து கொஞ்சம் பெரிதாக இருக்கட்டும்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகர்,
ஈசூன்