பருப்புக்கீரை கிளப்புக்கும் அரைப் பக்கம் கொடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன இதழில் வந்த அர்ஜென்டினா கால்பந்துக் கட்டுரையை இரண்டு தடவை படித்தேன். போக்கா, ரிவர் பிளேட் என்ற பெரிய கிளப்புகள், மரடோனா எல்லாம் சரி, ஆனால் 1980களைப் பற்றி அவ்வளவு எழுதிவிட்டு ஃபெர்ரோ கர்ரில் ஓயெஸ்தே என்ற கிளப்பைப் பற்றி ஒரு வரிகூட இல்லையே, மனசு கேட்கவில்லை.

பெயருக்கு அர்த்தமே 'மேற்கு ரயில்வே'தான். அந்த ரயில்வேயில் வேலை பார்த்த 95 பேர் சேர்ந்து 1904-ல் தொடங்கிய கிளப். புவெனஸ் அயர்ஸில் கபஷீத்தோ என்கிற பகுதியில், தண்டவாளத்தை ஒட்டி மைதானம். 1905-லிருந்து அதே இடம். பச்சைச் சட்டை என்பதால் அணிக்குப் பட்டப்பெயர் 'வெர்தோலாகா'. அது என்ன என்று தேடிப் பார்த்தால் நம் பருப்புக்கீரை!

1980-ல் கார்லோஸ் கிரிகோல் பயிற்சியாளராக வந்த பிறகுதான் கதையே. மறு வருஷம் மரடோனா ஆடிய போக்காவிடம் ஒரே ஒரு புள்ளியில் லீக் பட்டம் போனது, அதே வருஷத்து அடுத்த தொடரில் ரிவரிடம் போனது. அதே 1981-ல் இவர்கள் கோல்கீப்பர் பரிசியோ 1,075 நிமிடம் கோலே விடவில்லை. அப்புறம் 1982-ல் ஒரு ஆட்டம்கூடத் தோற்காமல் நாசியோனல் என்கிற தேசியத் தொடரில் பட்டம். 1984-ல் இறுதிப்போட்டியின் முதல் ஆட்டத்தில் ரிவரை அவர்கள் மைதானத்திலேயே 3-0 என்று அடித்துவிட்டு மறுபடியும் பட்டம்.

கிரிகோலை எனக்கு அவ்வளவு பிடிக்கும். தலையில் தொப்பியோடு ஓரமாக நிற்பார், களத்துக்குள் போகிற ஒவ்வொரு பையனையும் நிறுத்திக் கன்னத்தில் பட்டென்று ஒரு தட்டு, அப்புறம்தான் உள்ளே விடுவார். கையில் காசு வந்தால் முதலில் வீடு வாங்கு, கார் பிறகு என்பாராம். கிளப்பின் கூடைப்பந்துப் பயிற்சியாளர் நஹ்னுதெல்லிடம் கேட்டு, எதிராளியை மறித்துத் தன் அணிக்காரருக்கு வழி உண்டாக்கும் உத்தியைக் கால்பந்துக்குக் கொண்டுவந்தவரும் இவர்தான்.

2000-ல் முதல் பிரிவிலிருந்து இறங்கினார்கள், அடுத்த வருஷமே மூன்றாம் பிரிவு. 2002-ல் கிளப் திவால் என்று நீதிமன்றம் அறிவித்தது, 2014-ல்தான் அதிலிருந்து மீண்டார்கள். 2003-ல் இரண்டாம் பிரிவுக்கு ஏறி, இருபது வருஷத்துக்கு மேலாக அங்கேயே இருக்கிறார்கள். முதலாளி என்று யாரும் கிடையாது, சந்தா கட்டும் உறுப்பினர்களுடைய கிளப். அவர்கள் விடவில்லை என்பதால்தான் கபஷீத்தோவில் அந்த மைதானம் இன்னமும் நிற்கிறது. இரண்டாம் பிரிவு என்பதற்காக இவர்களை ஒதுக்குவது எனக்கு நியாயமாகப் படவில்லை.

அடுத்து அர்ஜென்டினா பற்றி எழுதும்போது இவர்களுக்கு அரைப் பக்கம் ஒதுக்குங்கள், கிரிகோலின் படத்தோடு.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகன், விருதுநகர்