முளையும் கயிறும் கொண்டுவந்த அம்மாவுக்கும், மற்ற எல்லோருக்கும்

அன்புள்ள நண்பர்களே,

நம் ஃப்ளை-இன்னுக்கு, அதாவது சிறு விமானங்கள் பறந்து வந்து கூடும் கூடுகைக்கு, வந்த எல்லா விமானங்களும் வீடு போய்ச் சேர்ந்துவிட்டன. கடைசியாகக் கிளம்பிய செஸ்னா 150 மினசோட்டாவில் இறங்கிவிட்டதாக இப்போதுதான் செய்தி வந்தது. இனி நிம்மதியாக உட்கார்ந்து எழுதலாம்.

சங்கத்தின் பெயரில் ஆங்கிலத்தில் ஒரு கடிதம் முறைப்படி எல்லோருக்கும் வரும். அதில் எல்லோருக்கும் ஒரு வரி இருக்கும். இது வேறு. மேடிசனிலிருந்தும் மில்வாக்கியிலிருந்தும் சிகாகோவிலிருந்தும் "எங்களுக்கு விமானம் ஓட்டத் தெரியாது, வந்து ஏதாவது வேலை செய்கிறோம்" என்று காரில் வந்து இறங்கிய நம் குடும்பங்களுக்குத் தமிழில் சொல்லியே ஆக வேண்டியவை கொஞ்சம் இருக்கின்றன.

வெள்ளிக்கிழமை இரவு அடித்த புயலைப் பற்றி நான் விவரிக்கப் போவதில்லை. அங்கே இருந்தவர்களுக்குத் தெரியும், இல்லாதவர்களுக்கு அதற்குள் வீடியோ வந்து சேர்ந்திருக்கும். யாருக்கும் ஒரு கீறல் இல்லை. ஒரு விமானம்கூடக் கவிழவில்லை. சாப்பாட்டுக் கூடாரம் மட்டும் பக்கத்து மக்காச்சோளக் காட்டுக்குக் குடிபோனது. அதில் பாதி இன்னும் அங்கேதான் இருக்கிறது, அறுவடையின்போது எடுத்துத் தருவதாக விவசாயி சொல்லியிருக்கிறார்.

இப்படி முடிந்ததற்குப் பலர் காரணம். ஆனால் முதலில் ஒருவரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன்.

பெயர் வேண்டாம் என்று அவரே கேட்டுக்கொண்டார். எண்பதை நெருங்கும் வயது. சனிக்கிழமை மதியத்துக்கு ஆப்பிள் பை என்கிற பலகாரம் செய்து தருவதாக ஒத்துக்கொண்டவர்களின் பட்டியலில் ஒரு பெயர், அவரைப் பற்றி எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். வெள்ளி மாலை எல்லோருடைய போனும் புயல் எச்சரிக்கையோடு ஒரே நேரத்தில் அலறியதே, அதற்குக் கொஞ்ச நேரம் கழித்து ஒரு பழைய பிக்கப் வண்டி புல்வெளி ஓரமாக மெதுவாக வந்து நின்றது. பையை ஒரு நாள் முன்னதாகவே கொண்டுவந்துவிட்டாரோ என்று நினைத்தேன். வண்டியின் பின்பக்கம் முழுக்கப் பெயின்ட் வாளிகள். ஒவ்வொரு வாளியிலும் இரும்பு முளைகள், வளையங்கள், அழகாகச் சுருட்டிக் கட்டிய கயிறுகள், ஒரு சுத்தியல்.

விமானக்காரர் அல்லாதவர்களுக்காக ஒன்று சொல்ல வேண்டும். பைப்பர் கப் என்கிற அந்த மஞ்சள் விமானத்தின் வெற்று எடை ஏறக்குறைய 350 கிலோதான். இறக்கையோ இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு 35 அடி. மணிக்கு 40 மைல் வேகத்தில் காற்று எதிரே வந்தால் போதும், அந்த இறக்கை பறக்கப் பார்க்கும். உள்ளே ஆள் இருக்கிறாரா, எஞ்சின் ஓடுகிறதா என்றெல்லாம் காற்று பார்ப்பதில்லை. 2011 மார்ச் 31 அன்று ஃப்ளோரிடாவின் லேக்லேண்டில் நடந்த சன் அண்ட் ஃபன் விமானக் கூடுகையில் சூறாவளி புகுந்து, வரிசையாக நின்ற விமானங்களைத் தூக்கித் தலைகீழாகப் போட்டது. அந்தப் படங்களைப் பார்த்தவர்கள் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். ஆகவே திறந்த வெளியில் நிற்கும் சிறு விமானத்தை மாட்டைக் கட்டுகிற மாதிரி முளை அடித்துத்தான் கட்ட வேண்டும். இறக்கைக்கு ஒன்றாக இரண்டு, வாலுக்கு ஒன்று.

கயிறும் முளையும் அவரவரே கொண்டுவர வேண்டும் என்பது ஃப்ளை-இன் வழக்கம், நம் அழைப்பிதழிலும் இருந்தது. எல்லோரும் கொண்டுவந்தும் இருந்தார்கள். ஆனால் பலர் கையில் இருந்தது ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் திருகு முளை. இறுகிய காய்ந்த மண்ணில் அது நன்றாகவே பிடிக்கும். வாரம் முழுக்க மழை குடித்த மண்ணில் கையால் இழுத்தாலே வந்துவிடும். அந்த அம்மா வரிசையின் முதல் விமானத்துக்குப் போய் இறக்கைக் கயிற்றைப் பிடித்து ஓர் இழுப்பு இழுத்தார். முளை மண்ணோடு வெளியே வந்தது. "நாயைக் கட்ட இது போதும்" என்று மட்டும் சொல்லிவிட்டு வண்டியிலிருந்து ஒரு வாளியை எடுத்துவரச் சொன்னார்.

அவருடைய முளைகள் வேறு மாதிரி. ஒரு தடித்த இரும்புத் துண்டில் மூன்று துளைகள். அவற்றின் வழியாக மூன்று கம்பிகளை மூன்று திசையில் சாய்வாக மண்ணுக்குள் அடித்து இறக்க வேண்டும். கயிறு மேலே இழுத்தால் ஒரு கம்பி வர நினைப்பதை மற்ற இரண்டும் விடாது. எல்லாமே கட்டட வேலைக்கு வாங்கும் சாதாரணக் கம்பியை வெட்டிச் செய்தவை. சுத்தியல் பிடிக்க ஆட்கள் தாமாகவே வந்துவிட்டார்கள். நம் பிள்ளைகளில் கல்லூரியில் படிக்கும் இருவர் அந்த நேரத்தில் அடித்த அடியை அவர்களுடைய பெற்றோர் பார்த்திருக்க வேண்டும், வீட்டில் ஆணி அடிக்கச் சொன்னால் வருவார்களோ என்னவோ.

பைப்பர் கப் விமானம் வைத்திருந்த ஒருவர் நாரால் திரித்த பழைய மணிலாக் கயிற்றைத் துளி தொய்வு இல்லாமல் இழுத்துக் கட்டிவைத்திருந்தார். அம்மா அதை அவிழ்க்கச் சொன்னார். மணிலா நனைந்தால் சுருங்கும், விடிவதற்குள் இறக்கையை அதுவே வளைத்துவிடும், ஓர் அங்குலம் ஆட இடம் கொடு என்றார். அமெரிக்க விமானத் துறையின் வழிகாட்டியிலும் இதேதான் இருக்கிறது. ஆனால் மேகம் கறுத்து வரும் நேரத்தில் அதை யார் எடுத்துப் படிக்கிறார்கள்? பிறகு கதவைத் திறந்து, ஸ்டிக் என்கிற கட்டுப்பாட்டுக் கம்பைப் பின்னுக்கு இழுத்து இருக்கை பெல்ட்டால் சுற்றிக் கட்டினார். மூக்கு காற்றைப் பார்த்து நிற்கும்போது வால் தரையோடு இருக்க அதுதான் வழி.

வரிசை முடியும் வரை அவர் தன்னைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. கடைசி வாளி காலியான பிறகு நான்தான் கேட்டேன். அவருடைய கணவர் இதே புல்வெளியில் ஏரோன்கா சாம்ப் என்ற சிறு விமானம் ஒன்று வைத்திருந்தாராம். முளைகள் அவர் கையால் வெட்டி, துளைபோட்டு, வெல்டிங் வைத்தவை. அவர் காலமான பிறகு விமானத்தை விற்றாயிற்று. "வாங்கியவர் வாளிகளைக் கேட்கவில்லை, நானும் கொடுக்கவில்லை" என்றார்.

எப்படியாவது நன்றி காட்ட வேண்டும் என்ற அவசரத்தில், நாளைக்கு ஒரு சுற்று பறக்கிறீர்களா என்று கேட்டேன். சிரித்துவிட்டார். அவருக்கு விமானமே எப்போதும் பிடித்ததில்லையாம். இரவில் காற்று அடித்தால் கணவர் தூங்க மாட்டார், பைஜாமாவோடு வண்டியை எடுத்துக்கொண்டு இங்கே ஓடிவருவார். அவர் போய் வரும் வரை இவருக்கும் தூக்கம் வராது. கூடவே வந்து கட்டக் கற்றுக்கொண்டால் வேலை சீக்கிரம் முடியும், இரண்டு பேரும் தூங்கலாம். அதற்காகத்தான் கற்றுக்கொண்டாராம். சொல்லிவிட்டு, வீட்டில் நாய் தனியாக இருக்கிறது, இடி என்றால் பயப்படும் என்று கிளம்பிவிட்டார். எத்தனை முளை கொடுத்தோம் என்று எண்ணிக்கூடப் பார்க்கவில்லை.

மறுநாள் சொன்னபடி ஆப்பிள் பைகளோடு வந்தார். வண்டியை நிறுத்தியதும் நேராக வரிசைக்குப் போய் ஒவ்வொரு கயிற்றையும் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் பைகளை இறக்கினார்.

அம்மா, இதை யாராவது உங்களுக்கு மொழிபெயர்த்துச் சொல்வார்கள். அன்று இரவு அந்த மைதானத்தில் முப்பது வருடம், நாற்பது வருடம் பறந்தவர்கள் இருந்தார்கள். நாங்கள் எல்லோரும் வானிலைப் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தபோது நீங்கள் மண்ணைப் பார்த்தீர்கள்.

சரி, மற்றவர்கள். கூடாரம் போன பிறகு ஹேங்கர் (விமானக் கொட்டகை) கதவுகளைத் திறந்துவிட்டு, தங்கள் கருவிப் பெட்டிகளை ஓரம் கட்டி, முந்நூறு பேருக்குக் காலை உணவு போட இடம் கொடுத்தவர்கள். பெட்ரோல் தொட்டியிலிருந்து எட்டத்தில் அடுப்பை வைத்து இட்லியும் பொங்கலும் இறக்கிக்கொண்டே இருந்த குடும்பங்கள். (பொங்கலுக்கு மேப்பிள் சிரப் ஊற்றிச் சாப்பிட்ட அந்த அயோவா விமானியை மன்னித்துவிடுங்கள், பான்கேக் வரிசையிலிருந்து நேராக வந்தவர். நன்றாக இருக்கிறது என்று இரண்டாவது முறையும் வாங்கினார்.) வைக்கோல் வயலை வண்டி நிறுத்தக் கொடுத்து, சேற்றில் மாட்டிய கார்களை டிராக்டரால் இழுத்தும் விட்ட பக்கத்துப் பண்ணைக்காரர். ஆரஞ்சு ஜாக்கெட் போட்டுக்கொண்டு, சுழலும் ப்ரொப்பெல்லருக்கும் குழந்தைகளுக்கும் நடுவே நாள் முழுக்க வெயிலில் நின்றவர்கள். யங் ஈகிள்ஸ் திட்டத்தில் பிள்ளைகளைத் தங்கள் சொந்தச் செலவில் பெட்ரோல் போட்டு ஏற்றிச் சென்ற விமானிகள். 1992இல் தொடங்கிய திட்டம் அது, எட்டு முதல் பதினேழு வயது வரை உள்ள இருபது லட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள் இதுவரை பறந்திருக்கிறார்கள். நம் பிள்ளைகளும் இப்போது அந்தக் கணக்கில் சேர்ந்துவிட்டார்கள். அதில் இருவருக்கு வயிற்றைப் புரட்டியதும் உண்மை, பெயர் சொல்ல மாட்டேன். உங்கள் எல்லோருக்கும் கைகூப்பி நன்றி.

ஒன்று யோசித்துக்கொண்டே இருக்கிறேன். இங்கிருந்து கொஞ்ச தூரத்தில்தான் ஓஷ்கோஷ் இருக்கிறது. 1970 முதல், 2020 தவிர, ஒவ்வொரு கோடையிலும் ஆயிரக்கணக்கில் விமானங்கள் வந்து இறங்கும் இடம். அங்கே பறந்து போய் வந்த எவரும் வருகைக் கதையைச் சொல்லாமல் விட மாட்டார்கள்: ரிப்பன் ஊரிலிருந்து ரயில் தண்டவாளத்தைப் பிடித்துக்கொண்டு 1,800 அடி உயரத்தில் 90 நாட் (மணிக்கு 90 கடல் மைல்) வேகத்தில் ஒருவர் பின் ஒருவராக ஃபிஸ்க் என்ற ஊர் வரை வந்ததும், கீழே இருந்து "இறக்கையை ஆட்டு" என்று ரேடியோவில் குரல் வந்ததும், ஆட்டியதும். நானும் பலமுறை சொல்லியிருக்கிறேன். இறங்கிய பிறகு கயிறு கட்டிய கதையை யாரும் சொல்லிக் கேட்டதில்லை. ஃப்ளை-இன் திட்டமிடும்போதும் இதே கதைதான். காப்பீட்டுச் சான்றிதழ், விமானிகளுக்கான அறிவிப்பு, எந்த அலைவரிசை, எந்தப் பக்கமாகச் சுற்றி இறங்க வேண்டும் என்று கூட்டம் கூட்டமாகப் பேசுவோம். பேச்சில் பாதிக்கு மேல் காற்றில் இருப்பதைப் பற்றி, மீதி கழிவறை வாடகையைப் பற்றி.

அடுத்த ஆண்டு வெள்ளிக்கிழமை மாலை ஒருவர் வாளியோடு வரிசையில் நடப்பார். ஒவ்வொரு கயிற்றையும் இழுத்துப் பார்க்காமல் யாருக்கும் சாப்பாடு கிடையாது. அந்த ஒருவர் நான்தான். குளிர்காலத்தில் அதே மாதிரி முளைகள் செய்ய வெல்டிங் தெரிந்த இரண்டு பேர் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். அம்மா மாதிரிக்கு ஒரு வாளி தந்திருக்கிறார், அதோடு வெல்டிங் எங்கே விட்டுப்போகும் என்ற எச்சரிக்கையும்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். ஞாயிறு காலை அவசரமாகக் கிளம்பியவர்கள் தயவுசெய்து விமானத்தின் பின்பக்கச் சாமான் அறையை ஒருமுறை பாருங்கள். தலையில் மஞ்சள் பெயின்ட் அடித்த முளைகள் சில குறைகின்றன, ஆப்பிள் பை வைத்திருந்த ஒரு தட்டும் குறைகிறது. அவர் கேட்க மாட்டார், அதனால் நான் கேட்கிறேன். தபாலில் அனுப்பினாலும் சரி, அடுத்த செப்டம்பரில் கையோடு கொண்டுவந்தாலும் சரி.