பெயர் சொல்லாமல் போன தம்பிக்கு

போன செவ்வாய்க்கிழமை எங்கள் அத்தை காலமானார். வயது 86. கரண்ட் போய் லிஃப்ட் நின்றுவிட்டது. மூன்றாம் மாடியிலிருந்து அவரை இறக்க ஆள் போதவில்லை. தெருவில் போய்க்கொண்டிருந்த நீங்கள் செருப்பைக் கழற்றிவிட்டு வந்து கை கொடுத்தீர்கள். மயானம் வரை கூடவே வந்தீர்கள்.

அத்தை மைசூரில் படித்த பேச்சுப் பயிற்சியாளர். குழந்தையின் வாய்க்கு எதிரே காகிதத் துண்டைப் பிடிப்பார். 'ப' சரியாக வந்தால் காகிதம் ஆடும். பக்கவாதத்தில் பேச்சு போனவர்களைப் பாடச் சொல்வார். பேச வராத சிலருக்குப் பாட்டில் சொல் வந்துவிடும். (எங்களுக்கு மட்டும் 'ழ' வராவிட்டால் குட்டு.)

துக்கத்துக்கு வந்தவர்கள் சொல்லிக்கொள்ளாமல் கிளம்புவதுதானே வழக்கம், பெயர்கூடக் கேட்க முடியவில்லை. ரொம்ப நன்றி தம்பி. உங்கள் நீலத் துண்டு வண்டியிலேயே கிடந்தது, துவைத்து வைத்திருக்கிறோம்.